பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: அப்டேட்டுக்குப் பின் காணாமல் போன வைஃபை

கேள்வி:

டெல் இன்ஸ்பிரான் 1545 லேப்டாப், 2009-ல் வாங்கியது. விண்டோஸ் 7 மிகவும் மெதுவாகிவிட்டதால் ரேமை 4 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பைப் போட்டேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் பாடம் பார்ப்பதற்காக. டிரைவர் மேனேஜர் காட்டிய பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்ததும் வைஃபை வேலை செய்தது. நான்கு மாதம் கழித்து ஓர் அப்டேட் போட்டு ரீபூட் செய்ததிலிருந்து வைஃபை பட்டியலே வருவதில்லை. சிஸ்டம் விவரத்தில் பிராட்காம் என்ற பெயர் மட்டும் தெரிகிறது. வீடியோ பார்த்து பி43 ஃபர்ம்வேர் என்று ஒன்றையும் நிறுவினேன்; பயனில்லை. கடையில் காட்டினால், "வைஃபை அட்டை போய்விட்டது, இந்த மாடலுக்குக் கிடைக்காது, வேறு லேப்டாப் பாருங்கள்" என்கிறார்கள். உண்மையிலேயே அட்டைதான் போய்விட்டதா?

– கும்பகோணம் வாசகர்

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பை மாற்ற வேண்டாம்; புது அட்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். சிஸ்டம் விவரத்தில் பிராட்காம் பெயர் வருகிறது என்றால், மதர்போர்டு கேட்கும் கேள்விக்கு அட்டை பதில் சொல்கிறது என்று பொருள். செத்த அட்டை பெயர் சொல்லாது. அப்டேட் முடிந்து ரீபூட் ஆனதும் நின்றது என்பது இன்னொரு தடயம். கோளாறு டிரைவரில்தான்.

நடந்திருப்பது இதுதான். டிரைவர் மேனேஜர் உங்களுக்குத் தந்தது பி.சி.எம்.டபிள்யூ.எல்-கெர்னல்-சோர்ஸ் என்ற பேக்கேஜ். பிராட்காம் நிறுவனம் எழுதிய, மூலநிரல் முழுதாக வெளியிடப்படாத டபிள்யூ.எல் டிரைவர் அதற்குள் இருக்கிறது. இது, சிஸ்டத்தின் மையமான லினக்ஸ் கெர்னலின் பகுதி அல்ல. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் டி.கே.எம்.எஸ் என்ற ஏற்பாடு இதை அந்தக் கெர்னலுக்கென்று உங்கள் லேப்டாப்பிலேயே மறுபடி கம்பைல் செய்ய (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற) வேண்டும். கெர்னலின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறினாலும் கம்பைல் தோற்றுவிடும். அப்டேட்டின்போது திரையில் ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளில் அந்தப் பிழையும் கடந்து போயிருக்கும். ரீபூட் செய்து புதுக் கெர்னலில் நுழைந்ததும் அதற்குரிய டிரைவர் இல்லை.

இதோடு நின்றிருந்தால், இதே அட்டைக்குக் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் பி43 என்ற மாற்று டிரைவர், நீங்கள் பிறகு நிறுவிய ஃபர்ம்வேரோடு (அட்டைக்குள் ஓடும் நிரல்) சேர்ந்து கைகொடுத்திருக்கும். ஆனால் டபிள்யூ.எல் பேக்கேஜ் வரும்போதே ஒரு பிளாக்லிஸ்ட் கோப்பையும் வைத்துவிடுகிறது. பி43, எஸ்.எஸ்.பி, பி.சி.எம்.ஏ முதலிய டிரைவர்கள் தானாக ஏறக் கூடாது என்று அந்தக் கோப்பு கெர்னலுக்குச் சொல்கிறது. ஒரே அட்டைக்கு இரண்டு டிரைவர்கள் போட்டியிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, டபிள்யூ.எல் ஓடும்வரை அது சரிதான். டபிள்யூ.எல் கம்பைல் ஆகாமல் போன பிறகும் பிளாக்லிஸ்ட் மட்டும் தங்கிவிட்டது. அதனால் ஒரு டிரைவர் இல்லை, மற்றது ஏற முடியவில்லை. அதன் மேல் எத்தனை முறை ஃபர்ம்வேர் நிறுவினாலும் பலனிருக்காது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்திருந்தால், புள்ளியை விட்டுவிட்டு அந்தந்த ஆங்கில எழுத்தைச் சேர்த்துத் தட்டுங்கள். எல்லாம் சிறிய எழுத்து. கோப்பு, கோப்புறைப் பெயர்களின் கடைசியில் கான்ஃப், டி, எஃப்.டபிள்யூ என்பவற்றுக்கு முன் வரும் புள்ளி மட்டும் உண்மையான புள்ளி, அதை விடக் கூடாது. எல்.எஸ்.பி.சி.ஐ, பி.ஐ.ஓ இரண்டிலும் பி என்பது ஆங்கில வரிசையின் பதினாறாவது எழுத்து; பி43, பி.சி.எம் என்பவற்றில் இரண்டாவது. டி.கே.எம்.எஸ், டி.எம்.இ.எஸ்.ஜி இரண்டிலும் டி என்பது நான்காவது எழுத்து. டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறக்க கன்ட்ரோல், ஆல்ட், டி (டெர்மினல் என்பதன் முதல் எழுத்து) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

முதலில் அட்டையின் எண்

பிராட்காம் விஷயத்தில் அட்டையின் பெயரை நம்பி எதுவும் செய்யக் கூடாது, எண்தான் முக்கியம். எல்.எஸ்.பி.சி.ஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் அதை ஒட்டி என்.என்.கே என்ற மூன்று எழுத்துகளும் தட்டி என்டர் கொடுங்கள். வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். இன்ஸ்பிரான் 1545-ல் பெரும்பாலும் டெல் வயர்லெஸ் 1397 அட்டை இருக்கும். அதன் சிப் பி.சி.எம்.4312, எல்.பி-ஃபை வகை. சதுர அடைப்புக்குள் வரும் எண் 14இ4:4315. நடுவில் உள்ள 'இ' ஆங்கில எழுத்து.

எண்ணை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 14இ4:4312 என்று ஓர் எண்ணும் உண்டு, அது பி.சி.எம்.4311 சிப்புக்கு உரியது. பெயரில் 4312 என்று பார்த்து, எண்ணில் 4312 என்று உள்ள அட்டைக்கு எழுதிய குறிப்பைப் பின்பற்றுகிறவர்கள் நிறைய. அட்டையின் எண் கைக்கு வராத வரை எந்த வீடியோவின் கட்டளையையும் தட்ட வேண்டாம்.

அதே வரிக்குக் கீழே கெர்னல் டிரைவர் இன் யூஸ் என்று ஒரு வரி வரலாம். அங்கே டபிள்யூ.எல் என்று இருந்தால் பழைய டிரைவர் இன்னும் ஓடுகிறது, பிழை வேறெங்கோ. பி43-பி.சி.ஐ-பிரிட்ஜ் என்று இருந்தால் பி43 பக்கம் பாதி வழி வந்திருக்கிறது. பாதி வழி என்று சொல்லக் காரணம், அந்தப் பெயர் அட்டைக்கும் டிரைவருக்கும் இடையிலுள்ள எஸ்.எஸ்.பி பாலத்தை மட்டுமே குறிக்கிறது. பாலம் ஏறியிருந்தும் ஃபர்ம்வேர் இல்லாமல் வைஃபை வராமல் இருக்கலாம். அந்த வரியே இல்லை என்றால், எந்த டிரைவரும் அட்டையைத் தொடவில்லை. உங்கள் லேப்டாப்பில் இந்த மூன்றாவது நிலை இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

உறுதி செய்ய இன்னும் இரண்டு கட்டளைகள். டி.கே.எம்.எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டினால் டபிள்யூ.எல் எந்தெந்தக் கெர்னலுக்குக் கம்பைல் ஆகியிருக்கிறது என்று வரும். யு.நேம், இடைவெளி, கழித்தல் குறி, ஆர் என்று தட்டினால் இப்போது ஓடும் கெர்னலின் எண் வரும். இரண்டாவதன் எண் முதலாவதில் இல்லை என்றால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

இதைவிட எளிய சோதனையும் ஒன்று உண்டு. லேப்டாப்பை அணைத்துப் போடுங்கள். டெல் சின்னம் மறைந்ததும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். வரும் கிரப் மெனுவில் (எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியல்) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று, பழைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ரிக்கவரி மோடு என்று எழுதியதை விட்டுவிடுங்கள். அப்டேட்டுக்கு முந்தைய கெர்னல் இன்னும் நீக்கப்படாமல் இருந்தால் வைஃபை அதில் மறுபடி வரும். நோய்க்கு இது நேரடிச் சாட்சி. அதோடு, மேற்கொண்டு வேலை செய்யத் தேவையான இணையமும் கிடைத்துவிடும்.

இணையத்துக்கு மாற்று வழி

பழைய கெர்னல் இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்குங்கள். மின்ட் அதைச் சாதாரண வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். போனில் வீட்டு வைஃபை இயங்கிக்கொண்டிருந்தால் அந்த இணையமே லேப்டாப்புக்கு வரும், மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் இது நடக்காது. போனோடு வந்த கேபிளைப் பயன்படுத்துங்கள். லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்தில் கொண்டுபோய் லேன் கேபிளில் மாட்டினாலும் சரிதான்.

பழையதை முழுதாக எடுத்தல்

டபிள்யூ.எல்-ஐ மறுபடி கம்பைல் செய்ய வைக்க முடியாதா என்று கேட்கலாம். சில சமயம் முடியும். லினக்ஸ் பதிப்புகளை வெளியிடுவோர் பேட்ச் (திருத்தம்) போட்டுப் புதுக் கெர்னலுக்கு ஒத்துவரச் செய்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. பிராட்காம் இந்த டிரைவரைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த பெரிய கெர்னல் மாற்றத்தில் இதே கதை திரும்பும். 2019-ல் இதில் பாதுகாப்பு ஓட்டைகளும் வெளிவந்தன. மூலநிரல் மூடிக் கிடப்பதால் வெளியார் அதை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. மாணவி ஒருவர் தினமும் இணையத்தில் புழங்கும் கணினியில் அதை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் அட்டைக்கு பி43 நன்றாக வேலை செய்கிறது, அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் மாறினால் கூடவே மாறும்.

பி43 எழுதப்பட்ட விதம் மரியாதைக்குரியது. பிராட்காம் தன் சிப்பின் விவரங்களைத் தராத காலத்தில் தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு நிறுவனத்தின் டிரைவரை ஆராய்ந்து சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆவணம் எழுதியது. மற்றக் குழு அந்த ஆவணத்தை மட்டும் பார்த்து டிரைவரை எழுதியது. சட்டச் சிக்கல் வராமல் இருக்க இந்தப் பிரிவினை. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் பி43 சேர்ந்தது. உங்கள் அட்டையின் எல்.பி-ஃபை வகைக்கு ஆதரவு 2009 டிசம்பரில் 2.6.32-ல் வந்தது. அவர்கள் உழைப்பால்தான் இந்தத் தலைமுறை லேப்டாப்கள் இன்றும் புதுக் கெர்னலில் ஓடுகின்றன.

இனி வேலை. சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து பி.சி.எம்.டபிள்யூ.எல் என்று தேடுங்கள். பச்சைக் கட்டம் உள்ள வரியில் வலது கிளிக் செய்து மார்க் ஃபார் கம்ப்ளீட் ரிமூவல் என்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். வெறும் ரிமூவல் போதாது. அது நிரலை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கக் கூடும். நமக்குத் தொல்லை தருவதே ஓர் அமைப்புக் கோப்புதான். டெர்மினலில் செய்வதென்றால் சூடோ (எஸ்.யு.டி.ஓ, நிர்வாகி உரிமையுடன் ஓட்டும் சொல்) ஆப்ட் பர்ஜ் என்று தட்டிப் பேக்கேஜ் பெயரைக் கொடுக்க வேண்டும். பிராட்காம்-எஸ்.டி.ஏ-டி.கே.எம்.எஸ் என்ற பெயரில் வேறொரு பேக்கேஜ் இருந்தால் அதையும் எடுங்கள். உள்ளே இருப்பது அதே டிரைவர்தான். ஏதாவது வீடியோவைப் பார்த்து என்.டி.ஐ.எஸ்.ராப்பர் போட்டிருந்தால் அதுவும் போக வேண்டும். விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்ட முயலும் அந்த வழி இந்த அட்டைக்கு இன்று தேவையில்லை.

நீக்கியதும் நம்பிவிடாமல் கண்ணால் பாருங்கள். ஃபைல் மேனேஜரில் ஃபைல் சிஸ்டம், அதற்குள் ஈ.டி.சி, அதற்குள் மோட்ப்ரோப்.டி என்ற கோப்புறைக்குப் போங்கள். பிளாக்லிஸ்ட்-பி.சி.எம்.43.கான்ஃப் என்ற கோப்பு இன்னும் இருந்தால் நிர்வாகி உரிமையுடன் நீக்குங்கள். மற்றக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பிளாக்லிஸ்ட் என்ற சொல்லுக்குப் பின் பி43 அல்லது எஸ்.எஸ்.பி என்று மட்டும் உள்ள வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வீடியோக்கள் சொல்லி நாமே எழுதிய வரிகள் இங்கேதான் ஒளிந்திருக்கும். பிளாக்லிஸ்ட்.கான்ஃப் என்ற பொதுக் கோப்பில் பி.சி.எம்43எக்ஸ்.எக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது பி43-க்கு முன்னோடியான, எப்போதோ வழக்கொழிந்த டிரைவரின் பெயர். நம் அட்டைக்கு அதனால் கெடுதல் இல்லை.

பிறகு சூடோ அப்டேட்-ஐ.என்.ஐ.டி.ஆர்.ஏ.எம்.எஃப்.எஸ், இடைவெளி, கழித்தல் குறி, யு என்று ஒரு முறை ஓட்டுங்கள். துவக்கத்தின்போது ஏறும் சிறிய கோப்புத்தொகுப்பில் பழைய பிளாக்லிஸ்ட் நகல் இருந்தால் அதுவும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

ஃபர்ம்வேர்: டிரைவர் அல்ல, அட்டைக்குள் ஓடும் நிரல்

டிரைவரும் ஃபர்ம்வேரும் வேறு வேறு. டிரைவர் லேப்டாப்பின் பிராசசரில் ஓடுகிறது. ஃபர்ம்வேர் வைஃபை அட்டைக்குள் உள்ள சிறிய பிராசசரில் ஓடுகிறது. மின்சாரம் நின்றால் அட்டை அதை மறந்துவிடும். ஒவ்வொரு துவக்கத்திலும் டிரைவர் அதை ஏற்ற வேண்டும். விண்டோஸ் டிரைவருக்குள் ஃபர்ம்வேர் பொதிந்தே வரும், அதனால் அங்கே இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பி43-க்கு வேண்டிய ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க பிராட்காம் அனுமதி தரவில்லை. அதனால் மின்ட், உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகள் எதிலும் அது நேரடியாக வராது. ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற பேக்கேஜ் நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து பிராட்காமின் பழைய டிரைவர் கோப்பை இறக்கி, பி43-எஃப்.டபிள்யூ.கட்டர் என்ற கருவியால் அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்து வைக்கிறது.

நீங்கள் இதை நிறுவியபோது இணையம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இணையம் இல்லாத நிலையில் பேக்கேஜ் கோப்பை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவியிருந்தால் பேக்கேஜ் பெயர் பட்டியலில் இருக்கும், ஃபர்ம்வேர் வந்திருக்காது. சோதிப்பது எளிது: ஃபைல் சிஸ்டம், எல்.ஐ.பி, ஃபர்ம்வேர், பி43 என்று உள்ளே போய், யு.கோட்15.எஃப்.டபிள்யூ என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அட்டை கேட்பது அந்தப் பதினைந்தைத்தான். கோப்புறையே இல்லை அல்லது காலியாக இருக்கிறது என்றால், இணையத்தை இணைத்துவிட்டு சினாப்டிக்கில் அதே பேக்கேஜுக்கு மார்க் ஃபார் ரீஇன்ஸ்டாலேஷன் கொடுங்கள். டெர்மினலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்பதற்குப் பின் இரட்டைக் கழித்தல் குறியுடன் ரீஇன்ஸ்டால் என்று எழுதி, பிறகு பேக்கேஜ் பெயர்.

போன் டெதரிங்கும் வாய்க்காவிட்டால், நண்பர் ஒருவரின் உபுண்டு அல்லது மின்ட் கணினியில் இதே பேக்கேஜை நிறுவி, அங்கே உருவாகும் பி43 கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துவந்து உங்கள் லேப்டாப்பில் அதே இடத்தில் வைத்தாலும் போதும். 32 பிட், 64 பிட் வேறுபாடு இதற்கு இல்லை, ஓடப்போவது அட்டைக்குள்தான்.

இப்போது ரீபூட் செய்யுங்கள். துவங்கியதும் சூடோ டி.எம்.இ.எஸ்.ஜி என்று தட்டுங்கள். சூடோ இல்லாமல் தட்டினால் இன்றைய உபுண்டு, மின்ட் பதிப்புகள் அனுமதி மறுக்கும். நீண்ட பட்டியலில் பி43-ஃபை0 என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். பிராட்காம் 4312 வைஃபை கண்டறியப்பட்டது, கோர் ரிவிஷன் 15 என்று ஒரு வரி. அதன் பின் லோடிங் ஃபர்ம்வேர் வெர்ஷன் என்று ஒரு வரி, பக்கத்தில் 666.2 அல்லது 784.2 போன்ற எண். இரண்டும் வந்துவிட்டால் கீழ் வலது மூலையில் வைஃபை பட்டியல் விரியும்.

மாறாக, பி43 கோப்புறையில் யு.கோட்15 கிடைக்கவில்லை என்றும், பி43-ஓப்பன் கோப்புறையில் யு.கோட்15 கிடைக்கவில்லை என்றும் இரண்டு பிழைகள் வந்தால் குழம்ப வேண்டாம். பிழை ஒன்றுதான். இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தில் எழுதிய திறந்த ஃபர்ம்வேர் ஒன்று உண்டு. அதையும் டிரைவர் தேடிப் பார்க்கிறது. அது 4306, 4318 போன்ற பழைய சிப்புகளுக்கு மட்டுமே. உங்கள் அட்டைக்கு இல்லை. முதல் கோப்புறையைச் சரிசெய்தால் இரண்டாவது வரி தானே போய்விடும்.

இன்னொரு பிழை சில பழைய நெட்புக்குகளிலும் லேப்டாப்களிலும் வரும்: ஃபேட்டல் டி.எம்.ஏ எரர். வைஃபை இணைந்து சில நிமிடத்தில் அறுந்துவிடும். அட்டையும் நினைவகமும் நேரடியாகத் தரவு பரிமாறுவதில் வரும் கோளாறு இது. மோட்ப்ரோப்.டி கோப்புறையில் பி43.கான்ஃப் என்று ஒரு கோப்பு உருவாக்கி, ஆப்ஷன்ஸ் பி43 பி.ஐ.ஓ=1 க்யூ.ஓ.எஸ்=0 என்ற ஒரே வரியை எழுதிச் சேமித்து ரீபூட் செய்யுங்கள். பிராசசர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், வேகமும் சற்றுக் குறையும், இணைப்பு நிலைக்கும். பிழை வராதவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

பட்டியல் வருகிறது, வீட்டு வைஃபை மட்டும் இல்லை

டிரைவர் ஏறிய பிறகும் வைஃபை முடக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால் ஆர்.எஃப்.கில் லிஸ்ட் என்று தட்டுங்கள். சாஃப்ட் பிளாக்டு என்பதற்கு எதிரே யெஸ் என்று இருந்தால் ஆர்.எஃப்.கில் அன்பிளாக் ஆல் என்பது தீர்த்துவிடும். ஹார்டு பிளாக்டு யெஸ் என்றால் மென்பொருளால் முடியாது. விசைப்பலகையில் ஆன்டெனா படம் போட்ட விசையை, தேவைப்பட்டால் எஃப்.என் விசையோடு சேர்த்து, அழுத்த வேண்டும். வேறு மாடல்களில் பக்கவாட்டில் சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கும். பயாஸில் (லேப்டாப் துவங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) வயர்லெஸ் முடக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். இந்த அட்டை 802.11பி, ஜி என்ற பழைய வைஃபை வகைகள் இரண்டை மட்டுமே அறியும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும். 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதன் கண்ணுக்கே படாது. ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்கள் பலவற்றில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்து 2.4-க்குத் தனிப் பெயர் வைத்துவிடுவது நல்லது.

அதே பக்கத்தில் இன்னும் மூன்று இடங்கள். 2.4-ன் மோடு என்ற இடத்தில் என் ஒன்லி அல்லது ஏ.எக்ஸ் ஒன்லி (புதிய வைஃபை வகைகள் மட்டும்) என்று இருந்தால் ஜி அட்டையை ரவுட்டர் சேர்த்துக்கொள்ளாது. பி, ஜி, என் கலந்த மோடைத் தேர்ந்தெடுங்கள். சேனல் ஆட்டோ என்று இருந்தால் 1, 6, 11 மூன்றில் ஒன்றைக் கையால் வையுங்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்கச் சந்தைக்கு அமைத்த பழைய அட்டைகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. ரவுட்டர் தானாக 12-க்கோ 13-க்கோ தாவும் நாளில் உங்கள் வைஃபை மறைந்துவிடும். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூ.பி.ஏ2, ஏ.இ.எஸ் என்று மாற்றுங்கள். பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று எழுதும் வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடம்.

இணைந்த பிறகு கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவதுபோல் வேகம் விழுந்தால் மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். ஈ.டி.சி-க்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்ற கோப்புறையில் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். அதில் பவர்சேவ் = 3 என்பதை 2 என்று மாற்றி ரீபூட் செய்தால் போதும். இங்கே 2 என்றால் நிறுத்து என்று பொருள். லேப்டாப்பை மூடித் திறந்ததும் வைஃபை வராவிட்டால் சூடோ மோட்ப்ரோப், இடைவெளி, கழித்தல் குறி, ஆர், இடைவெளி, பி43 என்றும், அடுத்து ஆர் இல்லாமல் சூடோ மோட்ப்ரோப் பி43 என்றும் ஓட்டினால் ரீபூட் இல்லாமலே திரும்பும்.

வேகத்தைப் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த அட்டையின் அறிவிக்கப்பட்ட உச்ச வேகம் 54 எம்.பி.பி.எஸ், கையில் கிடைப்பது நல்ல சிக்னலில் 20 எம்.பி.பி.எஸ். சுற்றி இருக்கும். வீட்டு இணைப்பு 100 என்றாலும் லேப்டாப்பில் இவ்வளவுதான். பாட வீடியோ 720பி தரத்தில் பார்க்க, பி.டி.எஃப். இறக்க, ஆன்லைன் வகுப்பில் உட்கார இது தாராளம். அந்தப் பழைய பிராசசர் அதைவிட அதிகத் தரமான வீடியோவில் திணறத்தான் செய்யும். டபிள்யூ.எல் ஓடியபோது இருந்த தூரத்தைவிட பி43-ல் சிக்னல் எல்லை ஒரு சுவர் அளவு குறையவும் வாய்ப்பு உண்டு. மகள் படிக்கும் அறையில் சிக்னல் போதவில்லை என்றால்தான் அட்டையை மாற்றும் பேச்சு.

மாற்றுவதானால்

எளிய வழி யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் நிறுவனப் பெயரையும் மாடலையும் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே உள்ள சிப் எது என்று கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் சிப் மாறிவிடும். டிபி-லிங்க் டி.எல்-டபிள்யூ.என்.722என் முதல் பதிப்பில் லினக்ஸ் நன்றாக அறிந்த ஏதெரோஸ் ஏ.ஆர்.9271 இருந்தது; இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். மீடியாடெக் எம்.டி.7612யு சிப் உள்ள டாங்கிள் கிடைத்தால் 5 ஜிகாஹெர்ட்ஸும் வரும், டிரைவர் 4.19 முதலே கெர்னலில் இருக்கிறது. சில டாங்கிள்கள் முதலில் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சி.டி. போலத் தம்மைக் காட்டிக்கொள்ளும். ஃபைல் மேனேஜரில் அந்த சி.டி.யை எஜெக்ட் செய்தால் வைஃபை சாதனமாக மாறும்.

உள்ளே உள்ள அட்டையையே மாற்றுவதும் கடினமல்ல. இது மினி பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் வகை. புது லேப்டாப்களில் வரும் எம்.2 அட்டை இதில் பொருந்தாது. முழு அளவு அட்டை 30 × 50.95 மில்லிமீட்டர், பாதி அளவு 30 × 26.8 மில்லிமீட்டர். முழு இடத்தில் பாதி அட்டை போட்டால் திருகு எட்டாது. நீட்டிக்கும் சிறிய தகடு வேண்டும். ஏதெரோஸ் ஏ.ஆர்.9285, ஏ.ஆர்.9280 அட்டைகள் ஃபர்ம்வேர் கோப்பே கேட்காமல் ஓடும். தனிப்பட்ட முறையில் பழைய லேப்டாப்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். 5 ஜிகாஹெர்ட்ஸும் 802.11ஏ.சி. வேகமும் வேண்டுமென்றால் இன்டெல் 7260-ன் மினி பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் பதிப்பு. சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகக் கடைகளில் பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றிய இத்தகைய அட்டைகளைத் தேடலாம்.

அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்த பிறகே திறக்க வேண்டும். ஆன்டெனா வயர்கள் இரண்டும் எந்த முனையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வெள்ளை முக்கோணம், கறுப்பு முக்கோணம் அடையாளம் இருக்கும். வயரைப் பக்கவாட்டில் இழுக்காமல் இணைப்பியை நகத்தால் நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் அட்டையிலுள்ள முனை உடைந்து வந்துவிடும். இந்த அறிவுரையை ஹெச்.பி., லெனோவோ வைத்திருக்கும் வாசகர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிறுவனங்களின் பழைய மாடல்கள் பலவற்றில் பயாஸ், தான் அறிந்த அட்டைகளை மட்டுமே அனுமதிக்கும். வேறு அட்டை போட்டால் திங்க்பேடு 1802 என்ற எண்ணுடனும், ஹெச்.பி. 104 என்ற எண்ணுடனும் பிழை காட்டித் துவங்காமல் நிற்கும். பயப்பட வேண்டாம், பழைய அட்டையைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். அவர்களுக்கு டாங்கிள்தான் வழி.

வேறு பிராட்காம் அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: எண் 14இ4:4311, 4318 என்றால் மேலே சொன்ன பி43 வழியே. 14இ4:4727 என்றால் கெர்னலில் உள்ள பி.ஆர்.சி.எம்.ஸ்மாக் டிரைவர், அதன் ஃபர்ம்வேர் மின்ட்டிலேயே வருகிறது, டபிள்யூ.எல்-ஐ நீக்கினாலே போதும். 14இ4:4365 என்றால் துரதிர்ஷ்டவசமாக டபிள்யூ.எல் தவிர வேறு டிரைவர் இல்லை. அது உள்ள லேப்டாப்கள் பெரும்பாலும் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஏற்காத துவக்கப் பாதுகாப்பு) காலத்தவை. டிரைவரை நிறுவும்போது கேட்கும் பாஸ்வேர்டை அடுத்த துவக்கத்தில் வரும் நீலத் திரையில் கொடுத்து என்ரோல் செய்யாவிட்டால் டிரைவர் ஏறாது.

எல்லாம் சரியானதும் பி43 ஃபர்ம்வேர் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்ட்டை மறுபடி நிறுவ நேர்ந்தால் இணையம் இல்லாமலே வைஃபையை எழுப்பிவிடலாம். டிரைவர் மேனேஜர் அப்போதும் பிராட்காம் டிரைவரைப் பரிந்துரைக்கும், ஏற்காதீர்கள்.

இவ்வளவும் செய்து பட்டியல் வரவில்லை என்றால், எல்.எஸ்.பி.சி.ஐ காட்டிய நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியும் அதன் கீழுள்ள வரிகளும், டி.எம்.இ.எஸ்.ஜி-யில் பி43 என்று வரும் வரிகள் அனைத்தும், ஆர்.எஃப்.கில் லிஸ்ட் காட்டியதும், ஆகிய மூன்றையும் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். எல்.எஸ்.பி.சி.ஐ பட்டியலில் பிராட்காம் என்ற சொல்லே இல்லாமல் போனால் மட்டும், எழுதுவதற்கு முன் அட்டையைக் கழற்றி, தங்கநிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, அழுத்தி மாட்டி, இன்னொரு முறை பாருங்கள்.